அருளப்பர் கையிலிருந்த பாத்திரமும் எங்கள் ஊர்க் கிணறும்

ஐந்தாவது வருஷமும் எனக்கு நரம்பு வந்தது. வைகாசி மாதம் அது. இடது கணுக்காலில் முதலில் அரித்தது. அப்புறம் எரிந்தது. மூன்றாம் நாள் கொப்புளம் எழும்பியது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. இன்னும் எத்தனை தடவை, சேசுவே என்று மட்டும் கேட்டேன். பதில் வரும் என்று நினைத்துக் கேட்கவில்லை.

என் பெயர் சூசையம்மாள். நல்லம்பள்ளிப் பக்கம், வத்தல்மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் சொல்லப்போவது யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தித் தொடங்கிய சங்கதி. அப்போது தருமபுரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுக்கா. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணல்மாணலாக வரும். விசுவாசிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பை அறியாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நரம்புச் சிலந்தி என்பது அதன் முழுப்பெயர். வெள்ளை நூல்போல ஒரு புழு, ஒரு முழத்துக்கு மேல் நீளம். தோலுக்கடியில் ஓடிவந்து, கொப்புளம் உடைந்ததும் தலையை நீட்டும். அதை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அவசரப்பட்டால் அறுந்துபோகும். அறுந்தால் உள்ளே சீழ் வைக்கும். மூன்றாம் வருஷம் என் வலது முழங்காலில் வந்தது அப்படித்தான் அறுந்தது. அதிலிருந்து அந்தக் கால் மடங்குவதில்லை. கட்டைபோல நீட்டிக்கொண்டேதான் உட்காருவேன்.

நரம்பு வருவதும் கேழ்வரகுக்கு நிலம் தயார் பண்ணுகிற நேரமாகப் பார்த்துத்தான் வரும். ஊரில் பாதிப்பேர் காலில் குச்சியோடு படுத்திருப்பார்கள். எரிச்சலுக்கு ஒரே சுகம் கிணறு. எங்கள் ஊர்க் கிணறு இறங்கு கிணறு. படி இறங்கிப்போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டால் நெருப்பு அணைந்தது மாதிரி இருக்கும். கொப்புளமும் அங்கேயே உடையும். நானும் ஒவ்வொரு வருஷமும் ஒரு காலை நீட்டி, ஒரு காலை இழுத்து, உட்கார்ந்தபடியே படிப்படியாக இறங்கிப் போவேன். அங்கே உட்கார்ந்து கண்ணை மூடும் அரை நாழிகைதான் எனக்கு அன்றைய ஓய்வு.

அந்த ஐந்தாம் வருஷம் அப்படி உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, என் மகள் லூர்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒன்பது வயது. குதிகாலைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“அம்மா, எனக்கும் அரிக்குது.”

அன்றைக்குத்தான் அழுதேன். எனக்கு வந்ததற்கு அழாதவள், அந்தச் சின்னக் குதிகாலைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கால் போனது போகட்டும். இவள் நடக்க வேண்டுமே. இன்னும் இரண்டு வருஷம் இப்படி வந்தால், ஏதோ ஒன்று அறுந்தால், இவளும் என்னைப்போலத்தானே உட்கார்ந்திருப்பாள்? அன்றிலிருந்து எனக்கு வேறு விண்ணப்பமே இல்லை. என் பிள்ளைக்கு இது மறுபடி வரக்கூடாது. இதைத்தான் காலையிலும் மாலையிலும் கேட்டேன்.

மோட்சத்தில் நான் கேட்காத அர்ச்சியசிஷ்டவர் இல்லை. அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் செபம் சொன்னேன். செபஸ்தியாருக்கு எண்ணெய் நேர்ந்தேன். என் வீட்டுக்காரர் ராயப்பன் கடத்தூர்ச் சந்தையிலிருந்து பெருங்காயம் வாங்கிவந்து வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார். மலையிலிருந்து புளி கொண்டுவருகிறவர்கள் ஏதோ ஒரு பச்சிலை கொடுத்தார்கள், அதையும் அரைத்துப் போட்டேன். லூர்துவுக்கு ஆடி வரைக்கும் குச்சி சுற்ற வேண்டியிருந்தது. தினம் ஒரு விரற்கடை. நான் சுற்றும்போது அவள் என் முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொள்வாள்.

எங்கள் ஊர்க் கோவில் அருளப்பர் பெயருக்குக் கட்டியது. சுவிசேஷம் எழுதிய நால்வரில் ஒருவரான அருளப்பர். சுரூபம் வாங்க வசதியில்லாமல் ஒரு கண்ணாடிப் படம்தான் பீடத்துக்கு மேலே மாட்டியிருந்தது. தாடி மீசை இல்லாத வாலிபர். காலடியில் ஒரு கழுகு. கையில் பொன் பாத்திரம். பாத்திரத்துக்குள்ளிருந்து ஒரு பாம்பு எழும்புகிற மாதிரி வரைந்திருந்தது. ஆனால் கூரை ஒழுகி, மழைத்தண்ணீர் படத்துக்குள் இறங்கி, பாம்பின் தலையும் நிறமும் அழிந்துபோயிருந்தன. மிஞ்சியிருந்தது வெளுத்து நெளிந்த ஒரு கோடு.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது பாம்பு இல்லை. நரம்பு. தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து நரம்பு வெளியே வருகிறது, அதை இழுத்துப்போடுகிற சாமி இவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்துக்களும் வெள்ளிக்கிழமைகளில் வந்து, காலில் குச்சியோடு வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு முனியம்மா கழுகைக் காட்டி, வெளியே வந்த நரம்பைக் கொத்தித் தின்னத்தான் அது காத்திருக்கிறது என்பாள். நரம்புச் சாமி என்றே பெயர் வைத்தாயிற்று.

உபதேசியார் ஞானப்பிரகாசத்துக்கு இது பொறுக்காது. எங்களுக்குச் செப மந்திரங்கள் கற்றுக்கொடுத்து, சாமியார் வராத நாட்களில் கோவிலை நடத்துகிறவர் அவர். ஞாயிறு தவறாமல் எங்களைத் திட்டுவார். அது பாம்பு, பாம்பு என்றால் விஷம், கழுகு என்றால் மற்றவர்களைவிட உயரப் பறந்து தேவரகசியத்தைக் கண்கூசாமல் பார்த்து எழுதியவர் என்று அர்த்தம், நரம்புக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பார். நாங்கள் தலையாட்டுவோம். பிறகு வெளியே வந்து, நரம்புச் சாமிக்கு ஒரு மெழுகுவர்த்தி என்போம். அவருக்கும் அலுத்துப்போய்விட்டது.

அந்த வருஷம் டிசம்பர் மாதம் 27ஆம் தேதி, அருளப்பர் திருநாளுக்குச் சாமியார் தருமபுரியிலிருந்து மாட்டுவண்டியில் வந்தார். வயதான வெள்ளைக்காரர். தமிழை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துப் பேசுவார். கோவில் துணிகளைத் துவைக்கிற வேலை என்னுடையது. காலை நீட்டிக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்று கொடுத்திருந்தார்கள். பூசைத் துணிகளை முதல் தண்ணீரில் சாமியாரே அலசிக் கொடுப்பார். அப்புறம் நான் துவைத்து, கஞ்சிபோட்டு, மடிப்பேன். துணியை வாங்கும்போது, பயந்துகொண்டே படத்தைப் பற்றிக் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. வண்டி அலுப்போடு ஒரு முக்காலியில் உட்கார்ந்து சொன்னார். எபேசு பட்டணத்தில் விக்கிரகப் பூசாரி ஒருவன் அருளப்பரைச் சோதிக்க விஷம் கலந்த பாத்திரத்தைக் கொடுத்தானாம். அவர் அதன்மேல் சிலுவை அடையாளம் போட்டாராம். விஷம் பாம்பாகக் கிளம்பிப் போய்விட்டதாம். பிறகு அவர் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. பரம்பரையாகச் சொல்லிவருகிற சம்பவம் என்றார். இன்னொன்றும் சொன்னார். அருளப்பர் கிழவராகி நடக்க முடியாமல் போனபோது, சீஷர்கள்தான் அவரைச் சபைக்குத் தூக்கிவருவார்களாம். அவரும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவாராம், ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று. கேட்கிறவர்களுக்குச் சலித்துப்போனாலும் அதையேதான் சொன்னாராம்.

எனக்கு அந்தக் கிழவரைப் பிடித்துப்போயிற்று. நடக்க முடியாத ஒரு அப்போஸ்தலர். தூக்கிவந்து உட்கார வைக்கிறார்கள். பேசத் தெம்பில்லை. ஒரே வார்த்தை. இத்தனை அர்ச்சியசிஷ்டவர்களிடம் போய் நின்றேனே, இவர் என் ஊர்க் கோவிலிலேயே இருந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

சாமியாருடைய சீமையில் இந்தத் திருநாளன்று வீட்டுக்கு வீடு திராட்சரசம் கொண்டுவந்து மந்திரித்துக் குடிப்பது வழக்கமாம். விஷப் பாத்திரத்தின் ஞாபகமாக. எங்களுக்குத் திராட்சரசம் ஏது? கள்ளுக்கடைகளையும் அந்த வருஷம்தான் சர்க்கார் மூடியிருந்தது, திறந்திருந்தாலும் கள்ளைக் கோவிலுக்குக் கொண்டுபோனால் உபதேசியார் விரட்டியிருப்பார். ஆகவே அவரவர் குடத்தில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தோம். சாமியார் குடங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மந்திரித்தார்.

பூசையின்போது நான் பீடத்திலிருந்த பூசைப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியார் அதன் வாயைச் சும்மா திறந்துவைக்க மாட்டார். நான் கஞ்சிபோட்ட சதுரத் துணி அதை மூடியிருக்கும். நடுவில் சிவப்பு நூலில் ஒரு சிலுவை, அது எப்போதும் மேலே பார்த்திருக்கும். குடிக்கும்போது மட்டும் எடுப்பார். பூச்சி ஏதும் விழாமல் இருக்க என்று உபதேசியார் ஒருமுறை சொல்லியிருந்தார். எத்தனையோ வருஷமாகத் துவைத்த துணி. அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. கெடுதி பாத்திரத்துக்குள் இருந்தது. அருளப்பர் குடிப்பதற்கு முன்னால் அதை வெளியேற்றினார். நாங்களோ குடித்துவிட்டு, காலில் வந்த பிறகு இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை அறிவு என்று நினைக்காதீர்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பாம்பை நரம்பு என்று நினைத்த முட்டாள்களில் நானும் ஒருத்தி. அந்த முட்டாள்தனத்தோடேயே நேர்ந்துகொண்டேன். அருளப்பரே, எங்கள் வீட்டுக் குடிதண்ணீர்ப் பானை இனி உம்முடைய பாத்திரம். அதன் வாய் ஒரு நொடிகூட மூடாமல் இருக்காது. நீர் அதன்மேல் சிலுவை போடும். என் லூர்துவுக்கு மறுபடி வராமல் காத்தருளும். அடுத்த திருநாள் வரைக்கும் இதை விடமாட்டேன்.

பீடத்துக்குத் தைத்ததில் மிச்சமான மல் துணி இரண்டு துண்டு சாமியாரிடம் கேட்டு வாங்கினேன். நெருக்கமான நெசவு. ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து ஓரம் அடித்து, நடுவில் சிவப்பு நூலில் சிலுவை தைத்தேன். சிலுவை மேலே பார்க்கும்படி பானை வாயில் கட்டினேன். வாய் திறக்கக்கூடாது என்றுதானே நேர்த்தி? அதனால் கிணற்றுத் தண்ணீரைத் துணியின் மேலேயே ஊற்றினோம். நின்று நிதானமாக இறங்கும். மொண்டு குடிக்கும்போது மட்டும் துணியை உதறிவிட்டு ஒரு ஓரம் விலக்குவேன். சாயங்காலம் ஒன்றைத் துவைத்துப் போட்டு, மற்றதைக் கட்டுவேன். தினமும் இரண்டு குடம் தண்ணீருக்கு இந்தப் பாடு. மடங்காத காலை வைத்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. “துணியக் கட்டுனா தண்ணி வேற தண்ணி ஆயிருமா சூசை?” என்பார். காட்டில் வேலை செய்யும்போது கிணற்றில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு வருவார். நான் பாட்டுக்குத் துணியை இழுத்துக் கட்டுவேன். பதில் சொல்லத் தெம்பு வேண்டாமா?

மாசி மாதம் கிணறு வற்றி அடிமட்டத்துக்குப் போனபோது ஒருநாள் துணியை வெயிலில் பார்த்தேன். சிலுவைக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. கேழ்வரகு மணியைவிடச் சின்னதாக, வெள்ளையாக, துள்ளித் துள்ளிப் பத்துப் பன்னிரண்டு. நான் லூர்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதுதான் பாம்பா அம்மா என்று கேட்டாள். இதாகத்தான் இருக்கும் என்றேன். அடுப்புச் சாம்பலில் தட்டிவிட்டேன். என் விண்ணப்பம் கேட்கப்பட்டுவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் வைகாசி வரைக்கும் இருந்தது.

வைகாசியில் எனக்கு இடது குதிகாலில் வந்தது. ஆறாவது வருஷம். அது போகட்டும் என்று இருந்தேன். பத்து நாள் கழித்து லூர்துவுக்கு வந்தது. இந்தத் தடவை முழங்காலுக்குக் கீழே. ஆடுசதையில் அது நெளிந்து ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது.

விசுவாசிகளே, நான் அருளப்பரைத் திட்டினேன். மறைக்கமாட்டேன். கோவிலுக்குப் போய், அந்தப் படத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, நீர் குடித்தீர், உமக்கு ஒன்றும் ஆகவில்லை, என் பிள்ளை என்ன பாவம் பண்ணினாள் என்று கேட்டேன். உபதேசியார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் திட்டவில்லை. படத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போ, பிள்ளை தனியாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பானைத் துணியை அவிழ்த்து எறியத்தான் கை வைத்தேன். கயிற்றின் முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. இரண்டு தரம் இழுத்தேன். வரவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். என் விசுவாசம் பெரியது, அதனால் விடவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். பொய் சொல்லக்கூடாது. அவிழ்க்கத் தெம்பில்லாமல்தான் விட்டேன். மறுநாள் காலையில் ராயப்பன் தண்ணீர் கொண்டுவந்து, பழக்கத்தில் துணியின் மேலேயே ஊற்றிவிட்டுப் போனார். அப்படியே தொடர்ந்தது. நேர்த்தி திருநாள் வரை இருக்கிறதே, அதற்குமுன் அவிழ்த்தால் இன்னும் ஏதாவது வருமோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் நான் சுற்றிய குச்சிகள் இரண்டு. ஒன்று என் காலில், ஒன்று அவள் காலில். அவளுடையது அறுந்துவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவேன். அறுந்துபோகாமல் ஆவணி முதல் வாரம் முழுசாக வந்தது. தழும்பு மட்டும் நின்றது.

டிசம்பரில் திருநாள் வந்தது. நேர்த்தி முடிந்தது. அவிழ்க்கலாம். ஆனால் லூர்து அவிழ்க்க விடவில்லை. தானே போய் மந்திரித்த தண்ணீரைக் கொண்டுவந்து, துணியின் மேல் ஊற்றினாள். பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது, துள்ளுகிறவற்றை எண்ணிச் சாம்பலில் தட்டுவது. எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. நம்பிக்கையில்லாமலும் இல்லை. செபம் சொன்னேன். வார்த்தைகள் வாயில் வந்தன, அவ்வளவுதான்.

பங்குனியிலிருந்து தினமும் காலையில் அவள் கால்களை மடியில் போட்டுத் தடவிப் பார்ப்பேன். கணுக்கால், குதிகால், ஆடுசதை, தொடை. தோலுக்கடியில் எங்காவது நூல்மாதிரி தட்டுப்படுகிறதா என்று. சித்திரை போயிற்று. வைகாசியில் முனியம்மா வீட்டில் இரண்டு பேர் படுத்தார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு குச்சி. ஆனி வந்தது. என் கால்களையும் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. ஆனி மத்தியில் ராயப்பன் காட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். கணுக்காலில் கொப்புளம். காலை என் பக்கமாக நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கும் ஒரு துண்டு கிழிச்சுக் குடு சூசை. காட்டுக்கு எடுத்துக்கினு போறேன்.”

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அப்போதுதான்.

ஆடி முடிந்தது. ஆவணி முடிந்தது. யுத்தம் தொடங்கிவிட்டது என்று தருமபுரிக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஊரெல்லாம் ஹிட்லரைப் பற்றிப் பேசியது. நான் என் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் தழும்பு இரண்டு. புதிதாக எதுவும் இல்லை. கோவிலுக்குப் போய்ப் படத்தின் முன்னால் உட்கார்ந்து, திட்டினதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் லூர்துவுக்கும் எனக்கும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சேசுநாதருக்கும் அவருடைய பிரிய சீஷரான அருளப்பருக்கும் தோத்திரம்.

இத்தோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் முடியவில்லை.

யுத்தத்தின் இரண்டாம் வருஷம் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கிணற்றைப் பார்த்தார். தெருத்தெருவாகக் கால்களைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பானையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். அருளப்பர் என்றேன். யார், கம்பவுண்டரா என்றார். உபதேசியார் இருமினார்.

பிறகு அவர் கிணற்றடியில் எல்லோரையும் கூட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலுக்குக் காட்டினார். அதே துள்ளுகிற பூச்சிகள். நரம்பு உள்ளவர்கள் காலைத் தண்ணீரில் வைக்கும்போது அந்தப் புழு குட்டிகளைக் கக்கும், அந்தக் குட்டிகளை இந்தப் பூச்சிகள் தின்னும், பூச்சியை நாம் குடிப்போம், குடித்து ஒரு வருஷம் கழித்துக் காலில் வரும் என்றார். குடிக்கிற வருஷம் ஒன்று, வருகிற வருஷம் வேறு. அப்போதுதான் அந்த இரண்டாவது கோடை எனக்குப் புரிந்தது. அது துணி கட்டுவதற்கு முன்னால் குடித்த தண்ணீர். நான் அருளப்பரைத் திட்டியபோது, அவர் எப்போதோ செய்து முடித்துவிட்டிருந்தார்.

எல்லோரும் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசிப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்து, காலை விட்டு, கண்ணை மூடி இளைப்பாறிய படி. ஐந்து வருஷம். அந்தத் தண்ணீரைத்தான் என் பிள்ளைக்குக் கொடுத்தேன். எபேசுவில் விஷம் கலந்தவன் ஒரு பூசாரி. எங்கள் வீட்டில் அதைக் கலந்தவள் நான்.

கிணற்றுப் படியை அடைத்து, சுற்றிச் சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டார்கள். ஊருக்கு நல்லது நடந்தது. எனக்கு மட்டும் தூக்கம் போயிற்று. அடுத்த மாதம் சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்தேன். தெரியாமல் செய்தது பாவமாகாது என்றார். பாவமில்லையென்றால் ஏன் சாமி இவ்வளவு கனக்கிறது என்று கேட்டேன். சாமியார் அந்த எபேசுப் பூசாரியை ஞாபகப்படுத்திச் சொன்னார்.

“அவன் தெரிந்து கொடுத்தான். நீ தெரியாமல் கொடுத்தாய். அருளப்பர் இரண்டையும் வெளியே எடுத்துப்போட்டார். நீ மறுபடியும் அதை எடுத்துக் குடிக்காதே, மகளே.”

சாமியார் சொல்லிவிட்டார். ஆனாலும் என் பிள்ளையிடம் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்து, லூர்துவுக்குப் பாலக்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, கோவிலில் கல்யாண ஓலை வாசித்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடங்காத அந்தக் காலுக்கு. அப்போது சொன்னேன். உன் குதிகாலில் வந்ததை நான்தான் வைத்தேன் என்று. கிணற்றுப்படியில் உட்கார்ந்ததையெல்லாம் சொன்னேன். அவள் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும்மா. அந்த இன்ஸ்பெக்டர் சொல்றப்பவே தெரியும். துணி கட்டுனதும் நீதானம்மா.”

இவ்வளவு வருஷம் அவள் தெரிந்துகொண்டே என் காலுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறாள். அந்தக் கிழ அப்போஸ்தலர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வார்த்தை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் அர்த்தமாயிற்று.

உபதேசியார் இன்றும் என்னோடு வாதாடுவார். இது சாமி செய்த புதுமை இல்லை சூசையம்மா, துணியின் வேலை, படத்தில் இருப்பது பாம்புதான், நீங்கள் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்பார். பாம்புதான் என்று நானும் இப்போது ஒத்துக்கொள்கிறேன். விஷம்தான். தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். ஆனால் நான் கேட்டது சரியாகக் கேட்கப்பட்டது. அந்தத் துணியை என் கையில் கொடுத்தது யார் என்று கேட்டால், செபத்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விடுவார். அவரும் வீட்டில் துணி கட்டித்தான் வைத்திருக்கிறார்.

என் கால் மடங்கவில்லை. அதற்காக நான் கேட்கவும் இல்லை. பூசைக்கு ராயப்பன் வண்டியில் கூட்டிப்போய், இறக்கி, தூணோரமாக உட்கார வைக்கிறார். எல்லோரும் முழந்தாளிடும்போது நான் காலை நீட்டிக்கொண்டிருப்பேன். கர்த்தருக்குத் தெரியும்.

பாலக்கோட்டுப் பக்கம் லூர்து போன ஊரிலும் இறங்கு கிணறுதான். போன புதிதில் பானைக்குத் துணி கட்டினபோது மாமியார், “எங்க வூட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாதுங்களா?” என்று கோபித்துக்கொண்டாராம். இவள் வாதாடவில்லையாம். சேலையைக் கொஞ்சம் தூக்கி இரண்டு தழும்பையும் காட்டினாளாம். போன மாதம் நான் போயிருந்தேன். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பானை வாயில் துணி. இந்து வீடுகளில்கூட நடுவில் சிவப்பு நூலில் சிலுவை தைத்திருக்கிறார்கள், மேல்பக்கம் எது என்று தெரிவதற்காக. என் பேரனுக்கு இரண்டு வயது. தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். பிடிக்க முடியவில்லை.

என்னைப்போல அலுத்துப்போயிருக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். நம்பிக்கை நிறைந்தவர்களுக்கு என் சாட்சி தேவையில்லை. கேளுங்கள். திட்டிக்கொண்டாவது கேளுங்கள். கர்த்தர் உங்கள் கையில் எதைக் கொடுக்கிறாரோ, அது வெறும் கந்தல் துணியாக இருந்தாலும் வாங்கிக் கட்டுங்கள். பதில் வர ஒரு வருஷம் ஆகலாம், ஒன்றரை வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் அவிழ்த்துவிடாதீர்கள்.